ஒன்றாம் கதவுக்கு வெளியே லூசியா

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு ஊர் சுற்றும் பிள்ளைகளைப் பிடித்துக் கொண்டுவந்து உள்ளே தள்ளுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உள்ளே வருகிறேன், வருகிறேன் என்று வாசலில் நிற்கிற பிள்ளையை வெளியே நிறுத்திவைத்த பள்ளிக்கூடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்தான். அந்தப் பிள்ளை நான்தான். பெயர் சிக்னி. அப்போது பன்னிரண்டாம் வகுப்பு.

எங்கள் மினசோட்டாவில் பள்ளி முடிப்பதற்கு முன்பே கல்லூரிப் பாடம் எடுக்கலாம். காலையில் நகரத்துக் கல்லூரியில் எனக்கு வேதியியலும் கட்டுரை வகுப்பும். கெட்டிக்காரப் பெண் என்று ஊரே மெச்சியது. மெச்சிய கையோடு என் அடையாள அட்டையை மாற்றிக் கொடுத்தார்கள். மதியத்துக்கு மேல் பள்ளியில் எனக்கிருந்தது பாட்டுக் குழு ஒன்றுதான். அதற்கு மணி அடிக்கச் சற்று முன்னால்தான் அந்த அட்டைக்குக் கதவு திறக்கும். அதுவும் ஒன்றாம் எண் கதவு மட்டும். முன்னாலேயே வந்தால் சிவப்பு விளக்கு. நூலகத்தில் உட்காரக் கூடாது, சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிடக் கூடாது, தோழியோடு நடையில் நின்று பேசக் கூடாது. வகுப்பு முடிந்ததும் நடையைக் கட்ட வேண்டும். கல்லூரிக்குப் போகிற பிள்ளை பாதி எங்கள் பிள்ளை, மீதிப் பாதி எங்கே போகிறது, யாரோடு சேர்கிறது என்று எங்களுக்குத் தெரியாது என்றார்கள். கேட்டால் பாதுகாப்பு.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கியோடு எவனாவது வந்தால் என்ன செய்வது என்று, மழலை வகுப்பிலிருந்தே கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சுவரோரம் மூச்சுவிடாமல் உட்காரப் பழகியவர்கள் நாங்கள். வெளியே நிற்பது பெற்ற தாயாகவே இருந்தாலும் நீ போய்த் திறக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லி வளர்த்தார்கள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் வெளியே நிற்கிற ஆளுக்கு நான் ஒரு முகம் கற்பனை செய்து வைத்திருந்தேன். தாடி, கறுப்புத் தொப்பி, கெட்ட கண். என் மூக்கும் என் சிவப்புக் கம்பளித் தொப்பியும்தான் அந்த முகம் என்று யார் கண்டது?

கல்லூரி முடிந்து ஏரிக்கரைச் சாலையில் வந்து சேர்ந்தால் பாட்டு வகுப்புக்கு இன்னும் ஏகப்பட்ட நேரம் இருக்கும். அப்பாவின் பழைய பிக்கப் வண்டிதான் என் நூலகம், என் சாப்பாட்டுக் கூடம். அந்த வண்டியில் சூடு காலுக்கு மட்டும் வரும், மூக்குக்கு வராது. பள்ளி நிறுத்துமிடத்தின் கடைசி வரிசையில் வண்டியை நிறுத்தி, குடுவையிலிருந்து சூப்பைக் குடித்துக்கொண்டு கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அக்டோபருக்கு மேல் சுப்பீரியர் ஏரி தன் மூட்டத்தைக் கரைக்கு ஏற்றிவிடும். சுவர் மறையும், கூரை மறையும். ஜன்னல்கள் மட்டும் மஞ்சளாக மிதக்கும். ஒவ்வொரு ஜன்னலிலும் எனக்குத் தெரிந்த தலைகள் தெரியும். யாரோ சிரிப்பார்கள், சத்தம் வராது. அப்படியே கண் சொருகிவிடும்.

அந்தத் தூக்கத்தில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். பள்ளிக்கூடம் தரையை விட்டுக் கழன்று, இரும்புத்தாது ஏற்றிப் போகும் நீளக் கப்பல்களைப் போல மெல்ல ஏரிக்குள் நகரும். ஜன்னல் ஜன்னலாக என் வகுப்புப் பிள்ளைகள் கையசைப்பார்கள். நானும் கரையில் நின்று சந்தோஷமாகக் கையசைப்பேன். கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் நானும் அதில் போக வேண்டியவள் என்பது நினைவுக்கு வரும். விழித்தால் கண்ணாடி முழுக்க என் மூச்சு உறைந்து கிடக்கும்.

கனவில்தான் என்றில்லை, நிஜத்திலும் கப்பல் கிளம்பித்தான் விட்டிருந்தது. பள்ளியில் நான் புத்தகம் வைக்கும் பெட்டகத்தை ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பல்பொருள் கடையில் பார்த்த ஒருத்தி, "நீங்க குடும்பத்தோட வேற ஊருக்குப் போயிட்டீங்களாமே?" என்று விசாரித்தாள். மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவள் அவள். சிரித்துக்கொண்டு இல்லை என்றேன். வண்டியில் ஏறியதும் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன்.

இந்த நிலையில்தான் டிசம்பர் பிறந்ததும் பாட்டுக் குழு என்னை லூசியாவாகத் தேர்ந்தெடுத்தது.

எங்கள் ஊரில் பாதிப் பேர் சுவீடன் வழி வந்தவர்கள். டிசம்பர் மாதம், வருடத்தின் இருட்டெல்லாம் திரண்டு நிற்கும் ஒரு காலையில், முதல் மணிக்கு முன்னால் பள்ளியின் எல்லா விளக்குகளையும் அணைப்பார்கள். பிள்ளைகள் நடையின் இருபுறமும் தரையில் உட்காருவார்கள். பாட்டுக் குழு வெள்ளை அங்கியோடு, கையில் விளக்கோடு பாடிக்கொண்டே வரும். எல்லோருக்கும் முன்னால், இடுப்பில் சிவப்புப் பட்டையும் தலையில் மெழுகுவத்திக் கிரீடமுமாக வருபவள் லூசியா. வெளிச்சத்தைக் கொண்டுவருபவள். என் அம்மா காலத்தில் ஒருத்தியின் முன்மயிர் பற்றிக்கொண்டதிலிருந்து மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு.

குழுவில் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள். என் பெயரைப் பாட்டு வாத்தியார் ஹோல்ம் வாசித்தபோது எனக்குக் காது அடைத்துக்கொண்டது. என் தோழி கெர்ஸ்டி விலாவில் இடித்தாள்.

"என்னடீ பேயறைஞ்ச மாதிரி நிக்கற? உனக்குத்தான்."

"எனக்கு யாருடீ போட்டது?"

"நாங்கதான். பின்ன, ஏரியில இருக்கற மீனா வந்து போட்டுச்சு?"

எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நடையில், எல்லோரும் பார்க்க, ஒரு தடவை நடக்க வேண்டும். இவள் நம்மவள் என்று அந்தக் கட்டடம் என்னை ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு பள்ளி முடிகிற ஜூன் வரைக்கும் வண்டியில் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன் என்று நினைத்தேன்.

ஆனால் லூசியா வருவது விடியலில். என் அட்டைக்குக் கதவு திறப்பது மதியத்துக்கு மேல்.

தலைமையாசிரியர் மெர்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தக் கோடையில்தான் வெயில் கொளுத்தும் அரிசோனாவிலிருந்து வந்தவர். நல்ல மனிதர். அக்டோபரிலேயே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டவர்.

"சிக்னி, அன்னிக்குக் காலையில உன் கார்டுக்குக் கதவு திறக்காதே. நான் வேணும்னா மாவட்ட ஆபீஸ்ல சொல்லி ஒரு நாள் அனுமதி வாங்கட்டுமா?"

என் உடம்பில் ஓடுகிற ரத்தம் முழுவதும் ஆமாம் ஆமாம் என்று துள்ளியது. வாய் சொன்னது வேறு.

"அய்யோ, வேண்டாம் சார். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்."

"அப்படியா? சரிம்மா," என்று சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதில் என் தப்பு எதுவும் இல்லை. எங்கள் ஊரில் முதல் தடவை கேட்டதற்கே சரி என்பவள் வளர்ப்பு சரியில்லாதவள். காபி குடிக்கிறாயா? வேண்டாம். அட, கொஞ்சமாவது? இல்லையில்லை, இப்போதுதான் குடித்தேன். கலந்தாகிவிட்டது, வீணாகப் போகும். அப்படியானால் அரைக் கோப்பை. இதுதான் முறை. இரண்டு வேண்டாம் மரியாதைக்கு, மூன்றாவதுதான் மனசு. தேவாலயத்து விருந்தில் தட்டில் கடைசியாக மிஞ்சும் கேக்கை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியை ஒருவர், பாதியில் பாதியை இன்னொருவர் என்று வெட்டி வெட்டிக் கடைசியில் தூள்தான் மிஞ்சும். தொந்தரவு கொடுத்துவிட்டான் என்ற பெயரைவிடத் திருடன் என்ற பெயரே மேல் என்று நினைக்கும் ஊர். இது அரிசோனாவுக்கு எப்படித் தெரியும்?

நான் அவர் அறை வாசலிலேயே நின்றேன், இரண்டாவது தடவை கேட்பார் என்று. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வேற ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் இல்ல சார்."

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். குங்குமப்பூ பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"முதல் தடவையாவா கேட்டாரு? நல்லவேளை வேண்டாம்னு சொன்ன. மானத்தைக் காப்பாத்தின. திரும்பக் கேப்பாரு பாரு."

"கேக்கலைன்னா?"

"அதெப்படிக் கேக்காம இருப்பாரு? படிச்ச மனுஷன்."

கேட்கவில்லை. நடையில் எதிரே வந்தால் "எப்படி இருக்கே?" என்று முகம் மலரக் கேட்பார். அதைக் கேட்பார், இதைக் கேட்க மாட்டார். கெர்ஸ்டி என்னைப் பிடித்து உலுக்கினாள்.

"நேரா போய்க் கேளுடீ."

"என் இடத்துல நீ இருந்தா கேப்பியா?"

"நானா? செத்தாலும் மாட்டேன்."

ஹோல்ம் சாரிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் நெளிந்தார். "அவருதான் ஏற்கெனவே உன்கிட்ட பேசிட்டாராமே. நான் நடுவுல போய்த் தொந்தரவு பண்ணினா நல்லா இருக்காதும்மா." அலுவலகத்தில் கதவைப் பார்த்துக்கொள்ளும் டார்லீன் மேடம் ஆறுதல் சொன்னார். தேவாலயத்தில் எங்களுக்குப் பின் வரிசையில் உட்காருகிறவர், என்னைத் தொட்டிலில் பார்த்தவர். "கேப்பாரு கண்ணு. அவங்க ஊர்ல கொஞ்சம் மெதுவாக் கேப்பாங்க போல." இப்படியே ஆளாளுக்கு மரியாதையாக இருந்து இருந்து, லூசியா நாளும் வந்துவிட்டது. ஊர் முழுக்க நல்லவர்கள், காரியம் மட்டும் நடக்கவில்லை.

அன்று காலை நான் போனேன். எந்த நம்பிக்கையில் போனேன் என்று கேட்காதீர்கள். வெள்ளை அங்கிக்குள் இரண்டு கம்பளி உள்ளாடை, காலில் அப்பாவின் பனி பூட்ஸ், தலையில் கிரீடம், கையில் ஒரு பெரிய தட்டு நிறைய அம்மா சுட்ட பன். காற்றில்லை. பனி அவசரமே இல்லாமல், நேராக, பெரிய பெரிய பூவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நான் நடப்பது எனக்கே கேட்கவில்லை. இன்னும் படுக்கையில்தான் இருக்கிறேனோ என்றுகூடத் தோன்றியது.

அட்டையைக் காட்டினேன். சிவப்பு. சிவப்பு மட்டும் கனவில்லை. கதவருகே இருந்த அழைப்புப் பொத்தானை அமுக்கினேன்.

"பேரும் வந்த காரணமும் சொல்லுங்க," என்றது டார்லீன் மேடத்தின் குரல்.

"மேடம், நான்தான்."

"தெரியுதுடா கண்ணு. கேமராவுல அப்படியே தேவதை மாதிரி இருக்கே. பேரும் காரணமும் சொல்லு, பதிவாகும்."

"சிக்னி. லூசியா."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "லூசியான்னு ஒண்ணு இதுல இல்லையே. பெற்றோர் இருக்கு, பழுது பார்க்கறவங்க இருக்கு, பொருள் கொண்டுவர்றவங்க இருக்கு..." குரல் சட்டென்று பிரகாசமானது. "கையில என்ன, பன்னா?"

"ஆமா மேடம்."

"பொருள் கொண்டுவர்றவங்க! வெளிக்கதவைத் திறக்கறேன். ரெண்டு கதவுக்கும் நடுவுல மேஜை இருக்கு பாரு, அதுல வெச்சுட்டு மறுபடியும் வெளிய போயிடு."

வெளிக்கதவு திறந்தது. உள்ளே போய், தட்டை மேஜைமேல் வைத்து, மேலே மூடியிருந்த துணியைச் சரிசெய்து, திரும்ப வெளியே வந்து நின்றேன். என் பின்னால் கதவு பூட்டிக்கொண்டது. நானாகத்தான் வந்தேன். பன்னுக்குக் கிடைத்த அனுமதிகூட எனக்குக் கிடைக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அப்போது உள்ளே விளக்குகள் அணைந்தன. நீண்ட நடை முழுவதும் இருட்டாகி, அதன் கடைசியில் சின்னச் சின்ன வெளிச்சங்கள் தோன்றின. பாட்டுக் குழு. பாட்டு இல்லாமல், மெல்ல நடந்து, கதவை நோக்கி வந்தது. இரு கதவுகளுக்கும் அப்பால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கெர்ஸ்டி வந்து நின்றாள். என் கிரீடத்தின் வெளிச்சத்தில் கண்ணாடியில் என் முகமே தெரிந்தது. அதற்குள் அவள் முகம் தெரிந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அவள் கை உள்கதவின் தள்ளுகம்பிமேல் இருந்தது. தள்ளினால் திறக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு எப்போதும் திறக்கும். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். வெளி ஆளை உள்ளே விட்ட பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஆண்டு முழுதும் மேடை ஏற முடியாது. அவள் கை கீழே இறங்கியது.

தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி மெர்சர் சார் வந்தார். என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு டார்லீன் மேடத்தின் மேஜைக்குப் போய் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சிக்னி, நான்தான் கேட்டேனேம்மா. நீதானே வேண்டாம்னு சொன்னே?"

நான் பதில் சொல்வதற்குள் டார்லீன் மேடம் குறுக்கே வந்தார். "அவ ஒரு தடவைதான் சார் வேண்டாம்னு சொன்னா."

"அப்படின்னா?"

"அப்படின்னா வேணும்னு அர்த்தம் சார்."

"எனக்கு யாருமே சொல்லலையே."

"உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் சார்."

"இப்ப என்னால முடியாதும்மா," என்றார் என்னிடம். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "அனுமதி முந்தின நாளே வாங்கியிருக்கணும். இன்னிக்கு உனக்காகத் திறந்தா நாளைக்கு இன்னொருத்தருக்குத் திறக்கச் சொல்லுவாங்க. இத்தனை பிள்ளைங்க என் பொறுப்புல இருக்காங்க. மன்னிச்சுக்கோ."

பரவாயில்லை சார், கெர்ஸ்டி முன்னால் நடக்கட்டும், நான் கிளம்புகிறேன். இதுதான் என் நாக்கு நுனியில் இருந்தது. அந்த வாக்கியத்தை எனக்குத் தாய்ப்பாலோடு ஊட்டியிருந்தார்கள். பனி என் கண்ணிமையில் விழுந்து உருகியது. கண்ணாடிக்குள் கெர்ஸ்டி, அவளுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகக் குழு, இருட்டில் வரிசையாக முகங்கள். என் கனவில் வந்த அதே முகங்கள். இப்போது யாரும் கையசைக்கவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு வேணும் சார்," என்றேன்.

ஒலிபெருக்கி வழியாக அது நடை முழுவதும் கேட்டது.

"ரொம்ப வேணும். நான் அன்னிக்குச் சொன்னது பொய். செப்டம்பர்லேர்ந்து இந்தக் கதவுக்கு வெளிய, வண்டியில உக்காந்திருக்கேன் சார். இவங்கல்லாம் என்னை மறந்துடுவாங்களோன்னு பயமா இருக்கு. இவங்களோட ஒரு தடவை நடக்கணும். அவ்வளவுதான்."

சொல்லி முடித்ததும் கூச்சத்தில் காது எரிந்தது. அந்தக் குளிரிலும் வேர்த்தது. எங்கள் ஊரில் இவ்வளவு பச்சையாக யாரும் எதையும் கேட்டதில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. பூமியும் உறைந்து கிடந்தது.

கெர்ஸ்டி தள்ளுகம்பியைத் தள்ளினாள்.

"கெர்ஸ்டி!" என்று மெர்சர் சார் ஒலிவாங்கியிலேயே கத்தினார். "திறக்காதே! அவளை உள்ள விடக் கூடாது!"

"உள்ள விடல சார். நான் வெளிய போறேன்."

உள்கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. பன் தட்டைத் தாண்டி, வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு, காலில் மெல்லிய வெள்ளைக் காலணியோடு பனிக்குள் வந்து என் பின்னால் நின்றாள். யாரையும் உள்ளே விடக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெளியே வரக் கூடாது என்று அந்த நேரத்துக்கு யாரும் சொல்லவில்லை, மணிதான் இன்னும் அடிக்கவில்லையே.

"ஐயோ, என்ன குளிருடீ," என்றாள் பல் கிட்டிக்க. "நட சீக்கிரம்."

கதவு மறுபடி திறந்தது. அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்து ஒருவன் வந்தான். ஒவ்வொருவராக, கதவைப் பிறருக்காகப் பிடித்துக்கொள்ளாமல், அவரவர் தள்ளி, அவரவர் வெளியே வந்து, பனியில் வரிசை கட்டினார்கள். கடைசியில் தொப்பியில்லாமல் ஹோல்ம் சார் வந்தார். தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்று கதவிடம் சொல்லிவிட்டு வந்தார்.

அவர் சுருதி கொடுத்தார். நான் முதல் அடி வைத்தேன்.

நாங்கள் கட்டடத்தைச் சுற்றி நடந்தோம். பனி எங்கள் பாட்டைப் பஞ்சில் பொதிந்த மாதிரி மெத்தென்று வைத்துக்கொண்டது. சத்தம் பின்னாலிருந்து வருகிறதா, மேலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. ஏரிப்பக்கம் திரும்பியபோது மூட்டம் எங்களுக்குள் புகுந்து, முன்னால் நடக்கிற எனக்கு என் வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சியது. அது படுகிற இடத்தில் பனி பொன்னாக விழுந்தது. உள்ளே பிள்ளைகள் நடையை விட்டு எழுந்து வகுப்பறை வகுப்பறையாக ஜன்னலுக்கு ஓடி வந்தார்கள். விளக்கை யாரும் போடவில்லை. நான் ஒரு ஜன்னலைக் கடக்கும்போது அதிலிருந்த முகங்கள் ஒவ்வொன்றாக ஒளி பெற்று, பிறகு இருட்டுக்குப் போயின. ஒருத்தி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். நான் என் கையுறையைக் கழற்றி அதே இடத்தில் வைத்தேன். கண்ணாடி சில்லென்றிருந்தது. இது நடக்கிறதா, வண்டியில் தூங்குகிறேனா என்று எனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் பின்னாலிருந்து கெர்ஸ்டி, பாட்டின் மூச்சு விடும் இடத்தில், "காலு போச்சுடீ, காலு போச்சு" என்று முனகினாள். அதனால் நிஜம்தான் என்று தெரிந்தது.

சுற்றி முடித்து ஒன்றாம் கதவுக்கு வந்தால், வாசலில் மெர்சர் சார் நின்றுகொண்டிருந்தார். மேல்கோட்டு இல்லை. எங்களை எண்ணிச் சரிபார்க்க வெளியே வந்திருக்கிறார், கதவு பூட்டிக்கொண்டது, அவர் அட்டை உள்ளே மேஜைமேல். அரிசோனா உடம்பு பாவம், பல் தந்தி அடித்துக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கி, "டார்லீன், நான்தான்," என்றார்.

"பேரும் வந்த காரணமும் சொல்லுங்க சார். பதிவாகும்."

பாட்டுக் குழு மொத்தமும் சிரித்தது. அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், நடுக்கத்தில் சரியாகத் தெரியவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, சட்டைமேல் ஒட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கெர்ஸ்டி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் கன்னம் ஐஸாக இருந்தது. "சாயங்காலம் வீட்டுக்கு வரேன். உன் பூட்ஸை எனக்குக் கொடுத்துடு," என்று சொல்லிவிட்டு நனைந்த காலணியோடு நொண்டிக்கொண்டே போனாள்.

கடைசியில் நானும் மெர்சர் சாரும் மட்டும் நின்றோம். அவர் முதுகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து சூடும் காபி வாசனையும் வந்தன.

"உள்ள வாம்மா. யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். இவங்களோட உக்காந்து காபி குடிச்சுட்டுப் போ."

"வேண்டாம் சார்."

அவர் தலையாட்டினார். இப்போது அவருக்குச் சூட்சுமம் தெரியும். "சும்மா சொல்லாதே. வா, வா."

"இல்ல சார், வேண்டாம்."

"மூணாவது தடவையும் கேக்கறேன்," என்றார், பரீட்சையில் விடை தெரிந்த பிள்ளையின் முகத்தோடு. "உள்ள வர்றியா, சிக்னி?"

"வேண்டாம் சார். நிஜமாவே வேண்டாம்."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "எனக்கு உங்க ஊர் புரியவே இல்லம்மா."

எப்படிப் புரியவைப்பது? அந்தக் கதவு திறக்காதா என்று ஏங்கித்தான் அத்தனை நாள் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். இப்போது அது என் முன்னால் அகலத் திறந்து கிடந்தது, உள்ளே சூடாக இருந்தது, எனக்கு அதில் ஆசையே வரவில்லை. கட்டடத்துக்காக நான் ஏங்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் எழுந்து, காலுறை நனைய வெளியே வந்து, என் பின்னால் நடந்துவிட்டார்கள். இனி அந்த வாசலிடம் நான் கேட்டு வாங்க ஒன்றுமில்லை.

அந்த விதியை அவர்கள் மாற்றவே இல்லை. மறுநாளும் என் அட்டைக்குச் சிவப்புதான் எரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரியும். ஆனால் அந்தக் காலையில் நான் மெர்சர் சாருக்கு நன்றி சொல்லி, கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னேன். அவர் குளிரில் செத்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியில் ஏறி, வேதியியல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் சாவியைத் திருகாமல், வாய்விட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். துக்கத்தில் இல்லை. பசியும் இருந்தது, ஒரு பன்னாவது எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாம்.